இணைச்சீருக்குச் சொன்ன நேரம்

என் தம்பியின் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நான் நிற்கவில்லை. பெரியப்பா மகள்தான் நின்றாள். எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும் காரணம் சொல்வார்கள். அவளுக்குத்தான் எதுவும் நினைவில் நிற்காதே, கூடப் பிறந்தவனுடைய சீர் நேரத்தையே மறந்துவிட்டு எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றாள் என்பார்கள். கல்யாணம் முடிந்து ரொம்ப நாள் வரைக்கும் என்னைக் கேட்டிருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்.

இணைச்சீர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ மணப்பெண்ணைப் போலவே சிங்காரித்துக்கொண்டு, கூறைச்சேலை வைத்த பேழைமூடி என்கிற மூங்கில் கூடையைச் சுமந்துவந்து அவன் பக்கத்தில் நிற்பாள். சேலையின் ஒரு நுனி அவனிடம் இருக்கும், மறு நுனி இவளிடம் இருக்கும். சீர் செய்துவைக்கிற பெரியவர் சொல்லச் சொல்ல இரண்டு பேரும் செய்வார்கள். நாளைக்கு வேறொருத்தி இந்த வீட்டுக்கு வரப்போகிறாள், வந்தாலும் இவளுடைய இடம் இவளுக்கு உண்டு என்று ஊரறியச் சொல்வதுதான் அது. கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குப் பெரியப்பா, சித்தப்பா மகள் யாராவது நிற்பார்கள். கூடப் பிறந்தவள் இருக்கும்போது இன்னொருத்தி நின்றதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

எனக்கு அந்த இடம் எவ்வளவு பெரிது என்று புரிய வேண்டுமானால் என் படிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பதாவதில் இரண்டு முறை தோற்று நின்றவள் நான். வகுப்பில் தூங்கியதில்லை, குறும்பும் செய்ததில்லை. கண் கரும்பலகையில்தான் இருக்கும். டீச்சர் ஒரு வரி சொல்வார், கேட்பேன். அடுத்த வரிக்குள் எதிர்ப் பட்டறையில் கடைசல் ஓடுகிற சத்தத்துக்குப் போயிருப்பேன். அங்கிருந்து முன் பெஞ்சுக்காரியின் ரிப்பனுக்கு, ரிப்பனிலிருந்து போன நோம்பித் திருவிழாவுக்கு வாங்கிய வளையலுக்கு. திரும்பி வரும்போது கணக்கு பாதிக்குமேல் போயிருக்கும். பிள்ளைக்குப் புத்தி இருக்கிறது, கவனம்தான் இல்லை என்று டீச்சர் அப்பாவிடம் சொன்னார். கவனம் என்பது நான் வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வருகிற பொருள் மாதிரி எல்லோரும் பேசினார்கள். அப்பா என்னைத் தறிக் குடோனில் நூலைக் குச்சியில் தாராகச் சுற்றுகிற வேலைக்கு விட்டார்.

குடோனில் நான் நன்றாகத்தான் இருந்தேன். தறிச் சத்தம் மற்ற எல்லாச் சத்தத்தையும் மூடிவிடும். எந்தத் தறி நிற்கிறதோ அங்கே ஓட வேண்டும். ஓடுவதுதான் என் மண்டைக்குத் தெரிந்த வேலை. தம்பி எனக்கு எட்டு வயது இளையவன். அவன் டிப்ளமோ முடித்து, பெருந்துறைத் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போனான். எனக்குக் கருமத்தம்பட்டியில் தறி வைத்திருப்பவரோடு கல்யாணமானது. படிப்பு, பாட்டு, தையல், வண்டி ஓட்டுவது என்று வாழ்க்கையில் எதை எடுத்தாலும் யாராவது ஒருவர் என்னைப் பாஸா ஃபெயிலா என்று பார்த்தார்கள். தம்பி பக்கத்தில் நிற்கிற இடம் ஒன்றுதான் பரீட்சை எழுதாமல் எனக்குக் கிடைத்தது. முதலில் பிறந்ததற்காகவே கிடைத்தது.

மறதிக்காரி பயந்தவளாக ஆகாமல் இருக்க முடியாது. கேஸை மூடினேனா, மோட்டாரை நிறுத்தினேனா, பிள்ளையின் டிபன் பாக்ஸைப் பையில் வைத்தேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்தபின், பார்த்தது இன்றைக்கா நேற்றா என்று சந்தேகம் வரும். அவிநாசி போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி ஓடியிருக்கிறேன். கேஸ் மூடித்தான் இருந்தது. பெரும்பாலும் எல்லாம் மூடித்தான் இருக்கும். ஆனால் மூடாமல் இருந்த ஒரு நாளும் உண்டு. அந்த ஒரு நாள் போதும்.

நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியதும் சர்க்கரை பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் ஊர் டாக்டர் கோயமுத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கண் காட்டப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு நானும் வீட்டுக்காரரும் போனோம்.

டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். பதட்டத்தைப் பற்றிக் கேட்பார் என்று நான் போனால், அவர் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். பென்சில் ரப்பரைத் தொலைப்பேனா, வரிசையில் நிற்க முடியுமா, மற்றவர்கள் பேசி முடிப்பதற்குள் குறுக்கே பேசுவேனா, ஒரு வேலையை ஆரம்பித்துவிட்டு இன்னொன்றுக்குப் போவேனா. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர், "ஆமாங், ஆமாங்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. மூன்று நான்கு முறை போன பிறகுதான் டாக்டரம்மா பெயரைச் சொன்னார். ஏ.டி.ஹெச்.டி. டிவியில் கேட்டிருக்கிறேன், துறுதுறுவென்று ஓடுகிற சின்னப் பையன்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். பெண்பிள்ளைகளில் பலருக்கு ஓட்டம் உள்ளேயே நடக்கும், வெளியே தெரியாது, அதனால் யாரும் கண்டுபிடிப்பதில்லை, வளர்ந்த பிறகும் அது போகாமல் இருக்கும் என்று விளக்கினார். செல்போன் பார்த்து வந்ததல்ல, வளர்ப்பால் வந்ததுமல்ல, மூளை அமைந்திருக்கிற விதம் என்றார்.

"நீங்க பதட்டத்துக்குத்தான் வந்தீங்க. ஆனா அந்தப் பதட்டம் உங்க காவல்காரன். எதையாவது விட்டுடுவீங்களோன்னு இத்தனை வருசமா உங்களை உசுப்பிக்கிட்டே இருந்திருக்கு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தறிதான் ஞாபகம் வந்தது. குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்க அதில் சின்னதாக ஒரு கம்பி உண்டு. அது கெட்டுப்போன தறியில் நூல் அறுந்தது தெரியாது. தறி பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும், துணி மட்டும் விழாது. என் மண்டையில் அந்தக் கம்பி வேலை செய்யவில்லை. இதைப் புரிந்துகொண்டதும் நிம்மதி வரும் என்பார்கள். எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். கம்பி கெட்ட தறியை யாரும் திமிர் பிடித்த தறி என்று திட்டுவதில்லை. என்னைத் திட்டினார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்டு நானும் என்னைத் திட்டினேன்.

மாத்திரை ஆரம்பித்தேன். முதல் நாள் காலையில் என் வீட்டுக்காரர் நூல் வராததைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நான் அங்கேயே இருந்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவர் பேச்சு இவ்வளவு நீளமானது என்று கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய் வறண்டது, மத்தியானம் பசி எடுக்கவில்லை, பொழுது சாயும்போது மாத்திரையின் தெம்பு இறங்கி எரிச்சலாக வந்தது. மாசம் ஒரு முறை டாக்டரம்மா பிரஷர் பார்த்துத்தான் அடுத்த சீட்டு எழுதுவார். மாத்திரை பாதி, பழக்கம் பாதி என்று சொல்வார். சாவிக்குக் கதவோரம் ஒரே ஆணி. ஒவ்வொரு வேலைக்கும் போனில் அலாரம். கூலி பில் போடும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டும், ஒன்றும் செய்ய வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும். மோட்டாரை நிறுத்தியதும் வாய்விட்டுச் சத்தமாகச் சொல்ல வேண்டும், சொன்னபின் திரும்பிப் போகக் கூடாது. நான் வாசலில் நின்று மோட்டார் நிறுத்தியாச்சு என்று சொல்வேன். உள்ளே தறி ஓட்டுகிற அக்கா ஒருத்தி, "சாமிக்கே கேட்டுருச்சுங்க அம்மணி, நீங்க போங்க" என்பாள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடுவது நின்றது.

இந்த நேரத்தில்தான் தம்பிக்குக் காரமடைப் பக்கம் பெண் அமைந்தது. உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்ய அவர்கள் வீட்டுக்குப் போனோம். அன்றைக்குக் காலையில் நான் மாத்திரை போடவில்லை. போட்டால் பசிக்காது, பெண் வீட்டு விருந்தில் இலையில் மிச்சம் வைத்தால் சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்களே என்று பயம். எங்கள் ஆட்களுக்கு இலையில் மிச்சம் வைப்பது சின்ன விசயமில்லை. நன்றாகச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்து பெண்ணின் அம்மாவோடு உட்கார்ந்தேன். தம்பிக்கு இந்தக் கம்பெனியில் எத்தனை வருசம் என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். நான் இதற்கு முன்னால் அவன் விட்ட வேலைகளைச் சொன்னேன், மேனேஜரோடு சண்டை போட்டுப் பாதி நாளில் வந்ததைச் சொன்னேன், வாங்கிய வண்டியை மாசம் திரும்புவதற்குள் விற்றதைச் சொன்னேன். செல்லமாகத்தான் சொன்னேன். அந்தம்மா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தலையைத் திருப்பினால் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

நிச்சயம் ஒன்றும் நின்றுபோகவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவன் கருமத்தம்பட்டிக்கு வந்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அவிய அம்மாகிட்ட எதுக்குக்கா அத்தனையும் சொன்னே?"

அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துவந்து காட்டினேன். என் வீட்டுக்காரரைத் தவிர அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதத் தின்னா நீ பேசமாட்டயா?" என்றான்.

"பேசுவேன் கண்ணு. யோசிச்சுப் பேசுவேன்."

அதற்குச் சிரித்துவிட்டான். அவன் சிரித்ததும் எனக்குத் தைரியம் வந்தது. டாக்டரம்மா சொன்ன இன்னொன்றையும் சொன்னேன். இது குடும்பத்தில் இறங்குமாம். வேலை வேலையாக மாறுவது, சட்டென்று கோபம் வருவது, வாங்கியதை உடனே விற்பது, எல்லாம் பார்த்தால் உனக்கும் இருக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, ஒருக்கா வந்து காட்டு என்றேன். அவன் சிரிப்பு நின்றது. வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான்.

"எனக்கும் இருக்குமோங்கற விசயத்த வேற யார்கிட்டயாச்சும் சொன்னயா?"

இல்லை என்றேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைமேல் சத்தியம் செய்தேன். வண்டியை எடுக்கும்போது, சீருக்கு என்ன கலரில் சேலை எடுக்கட்டும் என்று கேட்டேன். உனக்குப் பிடித்ததை எடு என்று சொல்லிவிட்டுப் போனான்.

அரக்குக் கலரில் எடுத்தேன். என் பயமெல்லாம் மேடையில் அசையாமல் நிற்க முடியுமா என்பதில்தான் இருந்தது. வீட்டில் ஒத்திகை பார்த்தேன். முறத்தைத் தூக்கிக்கொண்டு நான் நிற்க, என் வீட்டுக்காரர் மாப்பிள்ளையாகத் துண்டின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஏம்புள்ள, இப்பிடியே நின்னயின்னா எனக்கு இன்னொரு கல்யாணமே ஆயிப்போகும்" என்றார். டாக்டரம்மாவிடமும் கேட்டேன். அன்றைக்கு மட்டும் மாத்திரையை எந்த நேரத்துக்குத் தள்ளிப் போட்டால் சாயங்காலம் வரைக்கும் தாங்கும் என்று சொன்னார்.

தம்பியும் அதையேதான் போனில் கேட்டான். மாத்திரை எத்தனை மணி நேரம் தாங்கும் என்று. சொன்னேன். கேட்கிறானே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அப்பன்னா நீ காலைல இருந்தே வந்து மண்டபத்துல நிக்காதக்கா. ஒறம்பரைச் சொந்தக்காரங்க கூட்டத்துல உனக்கு டென்சனாயிரும். சீரு சாயங்காலம் பொழுதோட ஆறரைக்குத்தான். அஞ்சரைக்கு வந்தயின்னா போதும், சிங்காரம் பண்ணிக்கலாம்."

அம்மாவும் மறுநாள் போன் செய்து, "மெதுவா வா அம்மணி, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். பத்திரிகையில் முகூர்த்த நேரம் மட்டும்தான் போட்டிருந்தது, சீருக்கெல்லாம் போடுவதில்லை. போனைக் கீழே வைப்பதற்குள் நான் அலாரம் வைத்தேன். புறப்பட ஒன்று, மாத்திரைக்கு ஒன்று, பூ வாங்க ஒன்று.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சொன்ன நேரத்துக்கும் கொஞ்சம் முன்னாலேயே மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தலை நிறைய மல்லிகை வைத்திருந்தேன். உள்ளே நுழையும்போது மேடைப் படியிலிருந்து பெரியப்பா மகள் இறங்கிக்கொண்டிருந்தாள். சிவப்புப் பட்டு, கன்னத்தில் சந்தனம், கழுத்தில் மாலை. பேழைமூடி மேடை ஓரத்தில் காலியாகச் சாய்த்து வைத்திருந்தது. எனக்குப் புரியவே இல்லை. இது வேறு ஏதோ சீர் போல என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடியே போனேன்.

"எங்க அம்மணி போயிட்டே? நல்ல நேரம் போகுதுன்னு அவளையே நிறுத்திச் செஞ்சுபோட்டோம்" என்றார் அத்தை.

அம்மாவைப் பார்த்தேன். அம்மா வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டே, நாலரை என்று சொன்னோமே என்றார். தம்பி மேடையில் உட்கார்ந்திருந்தான். கீழே இறங்கி வந்தான்.

"நாலரைன்னுதானக்கா சொன்னேன்."

அவ்வளவுதான். என் மூளை அந்த நிமிசமே அவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது. ஆறரை என்ற சொல் இன்னும் காதில் இருந்தது, அவன் குரலிலேயே இருந்தது. இருந்தும் நான் அதை நம்பவில்லை. அவன் நாலரை என்றிருப்பான், நான் அந்த நேரத்தில் எங்கோ போயிருப்பேன், திரும்பி வந்து ஒரு எண்ணைப் போட்டு நிரப்பியிருப்பேன் என்று நானே எனக்கு விளக்கம் சொன்னேன். ஆறரை என்றுதானே நீ சொன்னாய் என்று என் வீட்டுக்காரர் காதருகே கேட்டார். அவருக்கும் நான் சொல்லித்தான் தெரியும். ஒரு மாமா சாப்பாட்டுப் பந்தியில் சத்தமாகச் சொன்னார்: "தாலி கட்டறது காலைல. அதுக்காச்சும் இருப்பயல்ல?" வரிசை முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து அவன் தனியாக நின்றபோது போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் வாழ்க்கையில் ஒரு முறை வருவது, அதையும் கெடுத்துவிட்டேனே என்று அழுதேன். அவன் என் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

"உடுக்கா. உன்ற மேல தப்பில்ல. உனக்கு இருக்கறதுக்கு நீ என்ன பண்ணுவே?"

இத்தனை பேரில் இவன் ஒருவன் புரிந்துகொண்டானே என்று அன்றைக்கு நினைத்தேன். கும்பிடக்கூடத் தோன்றியது.

ஊருக்கு வந்ததும் டாக்டரம்மாவிடம் ஓடினேன். மாத்திரை போட்டும் இப்படி ஆகிவிட்டது, தம்பி சொன்ன நேரமே தப்பாகக் காதில் விழுந்திருக்கிறது, எனக்கு இது போதவில்லை என்றேன். அவர் யோசித்துவிட்டு, கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம், சேரவில்லை என்றால் உடனே வாருங்கள் என்று சொல்லி அளவைக் கூட்டினார். எனக்குச் சேரவில்லை. நெஞ்சு மறுபடியும் அடித்தது. உடம்பு இளைத்தது, ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆனது. போய்ச் சொல்லியிருக்க வேண்டும். குறைத்தால் அடுத்து எதை மறப்பேனோ என்று பயந்து, நன்றாக இருக்கிறேன் என்று ஒவ்வொரு மாசமும் பொய் சொன்னேன். அலாரம் அடித்தால், அலாரத்தைச் சரியான நேரத்துக்கு வைத்தேனா என்று சந்தேகம் வந்தது. வாசலில் நின்று மோட்டார் நிறுத்தியாச்சு என்று கத்திவிட்டு, திரும்பிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். டாக்டரம்மா சொன்ன காவல்காரன், போயிருந்தவன், திரும்பி வந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டான்.

பிறகு அப்பா ஊரில் மாரியம்மன் நோம்பி வந்தது. பெரியப்பா மகள் அந்தச் சிவப்புப் பட்டையே கட்டியிருந்தாள். அவள் நல்லவள். என்னைப் பார்த்ததும் ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று கையைப் பிடித்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, ஜாக்கெட் கைவேலை நன்றாக இருக்கிறது என்றேன்.

"அதயேன் கேக்கற. உன்ற தம்பி மூணு வாரத்துக்கு முன்னால வந்து சொல்லீட்டான். இருந்தும் அந்த டெய்லர் கடைசி நாள் வரைக்கும் இழுத்தடிச்சுப்போட்டாளே" என்றாள்.

என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"சீருக்கு நான் நிக்கோணும்னுதான். உனக்கு ஒடம்பு முடியல, நீயே வேண்டாம்னு சொல்லிப்போட்டயின்னு." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: "மண்டபத்துல எல்லாரும் நீ மறந்துபோட்டேன்னு பேசுனாங்க. உன்ற ஒடம்பு விசயம் வெளிய தெரியக் கூடாதுன்னு தம்பி அப்பிடிச் சொல்றானாக்கும்னு நானும் வாயைத் தொறக்கல. ஏன், நீ சொல்லலியா?"

மேளம் நெருங்கியது. சாமி வருது, வா என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் தறி வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பெருந்துறைக்குப் பஸ் ஏறினேன். தொழிற்பேட்டை கேட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி இருக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லிப் போன் செய்தேன். வந்தான். இரண்டு டீ சொன்னான். என்னக்கா இவ்வளவு தூரம் என்றான்.

"சீரு எத்தனை மணிக்குன்னு எங்கிட்டச் சொன்னே?"

"அது முடிஞ்சு போனதுதானே, இப்ப எதுக்கு?"

"எத்தனை மணின்னு சொன்னே கண்ணு?"

டீ வந்தது. அவன் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தான். "ஆறரை" என்றான்.

எனக்கு அந்த நிமிசம் வந்தது சந்தோசமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. என் காது சரியாகக் கேட்டிருக்கிறது. நான் சரியாக அலாரம் வைத்திருக்கிறேன். நான் நேரத்துக்கு முன்னாலேயே போயிருக்கிறேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் எதையும் மறக்காமல் செய்தவள் நான் ஒருத்திதான். இது முதலில் வந்தது. அதன் பின்னால்தான் அவன் என்னை ஏமாற்றியது உறைத்தது.

"எதுக்கு?" என்றேன்.

"அவிய சனம் பூராவும் மேடை முன்னால உக்காந்திருக்கும். நீ ஏதாச்சும் பேசிப்போட்டயின்னா? எனக்கும் அது இருக்குதுன்னு சொல்லிப்போட்டயின்னா? கல்யாணமே நின்னுபோயிரும்."

"பிள்ளை மேல சத்தியம் பண்ணுனனே."

"நீ வேணும்னா சொல்லுவே? தானா வந்துருமல்ல உனக்கு."

நிச்சயத்தன்று மாத்திரை போடவில்லை, கல்யாணத்துக்குப் போட்டேன் என்று இதற்கு எனக்குப் பதில் இருந்தது. ஆனாலும் நான் வேறொன்றைக் கேட்டேன். வேண்டாமென்றால் என்னிடமே சொல்லியிருக்கலாமே, நான் ஒதுங்கியிருப்பேனே என்றேன்.

"சொன்னா நீ அழுவே, சண்டை வரும். இதுன்னா..." நிறுத்தினான்.

"இதுன்னா?"

"இதுன்னா நீயே மறந்துபோட்டதா நெனச்சுக்குவே. உனக்கு அது பழக்கந்தானே."

அவன் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. எனக்கு வலி குறைவாக இருக்கிற வழியைத் தேடிக் கண்டுபிடித்தது போலத்தான் சொன்னான். அவனுக்கு நான் என் மண்டையைத் திறந்து காட்டினேன். எது எங்கே கெட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, சரியாக அந்த இடத்தில் கை வைத்தான். அம்மாவுக்கும் தெரியுமா என்று கேட்டேன். டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டினான்.

சரி, இப்போதாவது அத்தை மாமாவிடம் எல்லாம் சொல், நான் மறக்கவில்லை என்று மட்டும் சொல், காரணம் என்னவாவது சொல்லிக்கொள் என்றேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான். "இப்பப் போயி எப்பிடிக்கா? எல்லாரும் அத மறந்துட்டாங்க." டீக்குக் காசு கொடுத்துவிட்டு, மணி அடித்துவிட்டது என்று உள்ளே போனான். கேட்டுக்குள் நுழையும்போது அடையாள அட்டையைத் தேடி எல்லாப் பாக்கெட்டையும் தடவினான். மேலே ஒன்று, கீழே ஒன்று, மறுபடி மேலே. வாட்ச்மேன் ஏதோ சொல்லிச் சிரித்தார். எழுந்து போய் உதவலாம் என்று கால் தானாக எழுந்தது. உட்கார்ந்துகொண்டேன்.

அந்த மாசம் டாக்டரம்மாவிடம் போனபோது முதல் முறையாக உண்மையைச் சொன்னேன். கூட்டிய நாளிலிருந்தே மாத்திரை எனக்குச் சேரவில்லை, பழைய அளவே போதும் என்றேன். பிரஷர் பார்த்தார். இந்த முறை எடையும் பார்த்தார். முகம் சுருங்கியது. இத்தனை மாசமாக ஏன் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டு பழைய அளவையே எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார்.

"கல்யாணத்துல நேரம் மாறிப்போச்சுன்னு ரொம்ப வருத்தப்பட்டீங்களே. மறுபடியும் அப்படி ஏதாவது?"

"அந்தத் தப்பு என்னுதில்லீங்க" என்றேன்.

பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பின்ன யாரோடது?"

தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாய்க்கும் மனதுக்கும் நடுவில் கதவே இல்லை என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை.

"தெரியலீங்க. நேரத்த மாத்துனாங்களாம், எனக்குத் தகவல் வரல" என்றேன். கல்யாண வீட்டில் இதெல்லாம் நடப்பதுதான் என்று சொல்லிவிட்டு அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.